தட்டிப் பார்த்து ஏறியவன்

அத்தியாயம் ஒன்பது

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூண்டில் கோலைக் கையில் பிடித்த அன்றே இருபது கிலோ மீன் ஒன்றைப் பிடித்தவன் நான். அந்த மீனால்தான் அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் சாகப் பார்த்தோம்.

ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் அது நடுக்கோடை, சூரியன் மறைய ஒன்பது மணியாகும். எங்கள் ஊரான வியெத்மாவிலிருந்து கடலோரமாகத் தெற்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிவந்து, செங்குத்துப் பாறையின் உச்சியில் நிறுத்தினேன். கீழே இறங்க மழை அரித்த ஒரு பள்ளம்தான் வழி. அதில் இறங்கி, மூக்கு மாதிரிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை ஒன்றைச் சுற்றி நடந்தால், அந்தப் பக்கம் ஒரு சின்ன மணல்திட்டு. அங்கே நின்றுதான் மீன் பிடிப்பார்கள். முன்னால் கடல். பின்னால் பத்து மாடி உயரச் சுவர். சுவர் முழுக்க ஓட்டைகள். ஓட்டைக்கு ஒரு கிளிக் குடும்பம். அவை போட்ட கூச்சலில் அலைச் சத்தமே அமுங்கிப் போனது.

“வாடகை கிடையாது, வாசல்லயே கடல். பக்கத்து வீட்டுக்காரங்கதான் சரியில்ல” என்றேன்.

என் முதலாளியம்மா சிரிக்கவில்லை. ஒத்திலியா பர்ரகான் வேலை நேரத்தில் சிரிக்க மாட்டார். இருபது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, பிறகு ஒரு மருந்துக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் செலோ. முன்பு டாக்ஸி ஓட்டினேன். இப்போது அவருக்கு ஓட்டுநர், எழுத்தர், மாத்தே என்கிற இலைத் தேநீர் போட்டுக் கொடுப்பவன் எல்லாம் நானே.

எங்களை அங்கே அனுப்பியவள் எல்விரா. ஒரு வருடத்துக்கு முன்னால், இதே ஞாயிறு, இதே மணல்திட்டில் அவளுடைய கணவன் நசாரேனோவைக் கடல் கொண்டுபோனது. நான்காவது நாள் உடல் கரை ஒதுங்கியது. அன்று அவனோடு வந்தவர்கள் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளிகளான இரண்டு பேர். ரொட்டிக்கடை லிசாந்த்ரோ, தபால் நிலையத்து எவாரிஸ்தோ. வருடாவருடம் மூவரும் சேர்ந்து வருவது வழக்கம்.

போலீசிடம் இருவரும் சொன்ன கதை இது. மதியம் எந்த இடத்தில் நின்று தூண்டில் வீசுவது என்று லிசாந்த்ரோவுக்கும் நசாரேனோவுக்கும் வாய்த்தகராறு. லிசாந்த்ரோ கோபித்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த அடுத்த திட்டுக்குத் தனியாகப் போய்விட்டான். எவாரிஸ்தோ வழக்கம்போல இரண்டு மணிக்கு மேலே ஏறி, நெருப்பு மூட்டி, ஆட்டுக்குட்டியைச் சுடுவதற்குக் கம்பிச் சிலுவையில் மாட்டிவிட்டு, வைன் குடித்துத் தூங்கிவிட்டான். சாயங்காலம் எட்டு மணிக்கு லிசாந்த்ரோ உச்சி வழியாக நடந்துவந்து எழுப்பியபோதுதான் நசாரேனோ இன்னும் ஏறி வரவில்லை என்பதே தெரிந்தது.

போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. ஊர் வேறு மாதிரி எழுதிக்கொண்டது. சண்டை போட்டவன் ரொட்டிக்காரன், தனியாக இருந்தவனும் அவன். ஊர்க்காரர்கள் இரண்டு தெரு தள்ளிப் போய் ரொட்டி வாங்க ஆரம்பித்தார்கள். எல்விராவுக்கும் சந்தேகமே இல்லை. ரொட்டிக்காரன்தான், நிரூபித்துக் கொடுங்கள் என்று வந்து உட்கார்ந்தாள். எவாரிஸ்தோ மட்டும் இல்லையென்றால் இந்த வருடத்தைத் தாண்டியிருக்கவே மாட்டேன் என்றும் சொன்னாள். ஞாயிறு தவறாமல் அவளுக்கு மீன் சுத்தம் செய்து கொண்டுவந்து கொடுப்பவன் அவன்.

ஒத்திலியா செய்தது ஒன்றே ஒன்றுதான். இந்த வருடமும் போங்கள், எங்களையும் கூட்டிப் போங்கள் என்று இருவரிடமும் கேட்டார். மாட்டேன் என்று சொல்கிறவன் மாட்டிக்கொள்வான். இருவரும் வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

காலையில் உச்சியில் கை குலுக்கும்போது எவாரிஸ்தோவின் வலக்கையை ஒத்திலியா கொஞ்ச நேரம் விடவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பழைய வடு. எதிரெதிராக வளைந்த இரண்டு கோடுகள். என்ன இது என்று கேட்டார். போன வருடம் தூண்டில் முள் ஏறிவிட்டது என்றான் எவாரிஸ்தோ.

“முள்ளா, மாமியாரா?” என்றேன். அவனும் சேர்ந்து சிரித்தான். நல்ல சிரிப்பு. குண்டான, கண் கலங்குகிற மாதிரிச் சிரிக்கிற, யாருக்கும் பிடித்துப் போகிற ஆள்.

கீழே தூண்டில் முள்ளில் இரால் கோத்துக்கொண்டிருக்கையில், போன வருட ஆட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. லிசாந்த்ரோ கடலைப் பார்த்தபடியே சொன்னான்: எட்டு மணிக்குத் தான் போனபோது கறி உள்ளே பச்சையாகவே இருந்ததாம். இரண்டு மணிக்கு ஏற்றின நெருப்பு என்றால் எலும்பிலிருந்து கழன்று விழுந்திருக்க வேண்டாமா? காற்று நெருப்பை அணைத்துவிட்டது என்றான் எவாரிஸ்தோ. ஒத்திலியா மாத்தேயை உறிஞ்சினார். எனக்குக் கறியைப் பற்றிப் பேசினதில் பசித்தது. அவ்வளவுதான்.

மூக்குப் பாறையை மூன்று மணி வரை தாராளமாகச் சுற்றலாம், அதற்கப்புறம் கடல் ஏறி வழியை மூடிவிடும் என்று வந்ததுமே இருவரும் எச்சரித்திருந்தார்கள். ஐந்தரைக்கு ஏற்றம் உச்சம். இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எவாரிஸ்தோ நெருப்பு மூட்ட மேலே போவதாகப் பையைத் தோளில் போட்டான். அப்போதுதான் என் கோல் நுனி மணலை முத்தமிட்டது.

நான் கத்தினேன் போலிருக்கிறது. ரீல் அதைவிடச் சத்தமாகக் கத்தியது. தூண்டில் நரம்பு கடலுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த நொடி லிசாந்த்ரோ என் வலது தோளிலும் எவாரிஸ்தோ என் இடுப்பிலும் இருந்தார்கள். பை எங்கோ விழுந்தது. இழுக்காதே, ஓடட்டும், கோலை நிமிர்த்து, இப்போது சுற்று என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். கருங்கத்தாளை என்றான் லிசாந்த்ரோ. பெரிய தாய் மீன் என்றான் எவாரிஸ்தோ. காலையிலிருந்து முகம் பார்க்காத இருவரும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள்.

அது எங்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைக்கழித்தது. இரண்டு தடவை கிட்டே வந்து இரண்டு தடவையும் திரும்ப ஓடியது. கடைசியில் லிசாந்த்ரோ மார்பளவு தண்ணீரில் இறங்கிச் செவுளில் கை விட்டு இழுத்து வந்தான். தாடையில் மீசை தொங்க, பீப்பாய் மாதிரி மணலில் கிடந்தது. எவாரிஸ்தோ லிசாந்த்ரோவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. லிசாந்த்ரோ கூட்டாளியின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான்.

நானும் திரும்பினேன். மூக்குப் பாறையின் அடியில் மணல் இல்லை. வெள்ளை நுரை மட்டும் சுவரில் ஏறி இறங்கியது.

மணி மூன்று பத்து. மத்தியானத்திலிருந்தே தென்கிழக்குக் காற்று எழுந்திருந்ததை மீன் மயக்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. லிசாந்த்ரோ ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு முழங்கையில் ரத்தத்தோடு திரும்பினான். சுற்ற முடியாது, அலை ஆளைப் பாறையில் அறைகிறது. தெற்குப் பக்கமும் அதே கதி. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.

“இங்க எவ்வளவு ஏறும்?” என்று கேட்டேன்.

லிசாந்த்ரோ சுவரைக் காட்டினான். சிப்பி ஒட்டிய கறுப்புப் பட்டை ஒன்று சுவர் நெடுக ஓடியது. அதன் மேல் விளிம்பு என் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது. அதுவும் காற்று இல்லாத நாள் கணக்கு.

எனக்கு நீச்சல் தெரியாது. அதை அப்போது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். நீச்சல் தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று லிசாந்த்ரோ ஆறுதல் சொன்னான்.

சுவரில் ஏற முயன்றோம். மண் கலந்த பாறை. பிடித்த இடம் எல்லாம் கையோடு வந்தது. ஒத்திலியா மட்டும் முயலவில்லை. மீன் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து, பாவாடையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒதுங்க ஏதாவது இடம் உண்டா, நிதானமாக யோசியுங்கள் என்று இருவரிடமும் கேட்டார். இருபது வருடமாக வருகிறேன், ஒரு இடமும் இல்லை என்றான் லிசாந்த்ரோ. எவாரிஸ்தோவும் இல்லை என்று தலையாட்டினான். தான் எப்போதும் இரண்டு மணிக்கே மேலே போய்விடுகிறவன், தனக்கு எப்படித் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

நான்கு மணிக்குத் தண்ணீர் மீனை எடுத்துக்கொண்டது. அது புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியபடி போவதை யாரும் தடுக்கவில்லை. பெட்டிகள் போயின. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஒவ்வொரு அலையும் எங்களைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போனது. எனக்குத் தெரிந்த ஜெபம் முழுவதும் முடிந்து, இரண்டாம் தடவை ஆரம்பித்திருந்தேன். லிசாந்த்ரோ என் சட்டைக் காலரை ஒரு கையாலும் ஒத்திலியாவின் கையை மறு கையாலும் பிடித்திருந்தான். ஊர் முழுக்கக் கொலைகாரன் என்று சொன்ன ஆள் என்னை விடவில்லை என்பதை அப்போதே குறித்துக்கொண்டேன்.

எவாரிஸ்தோ தனியாக நின்றான். அவனுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. ஒத்திலியாவின் கண் அவன் மேலேயே இருந்தது. சும்மா பார்த்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

“வாங்க” என்றான் எவாரிஸ்தோ.

சத்தம் குறைவாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவரை ஒட்டி வடக்கே நடந்தான். முப்பது அடி தள்ளிச் சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. கத்தியை உருவி, அதன் பிடியால் தலைக்கு மேலிருந்த ஒரு கிளி ஓட்டையின் விளிம்பில் மூன்று தடவை தட்டினான். உள்ளேயிருந்து கிளி ஒன்று அவன் முகத்தை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது. பிறகுதான் உள்ளே கை விட்டான். அடுத்த ஓட்டை, மறுபடி தட்டல். பறவை போனதும் கை. அவ்வளவு கனத்த உடம்பு ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறியது. மூன்று ஆள் உயரத்தில், கீழேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத ஒரு பாறைத்திட்டில் மறைந்து, அங்கிருந்து கை நீட்டினான்.

ஒத்திலியாவை நாங்கள் கீழேயிருந்து தள்ள, அவன் மேலேயிருந்து இழுத்தான். அடுத்து நான். கடைசியாக லிசாந்த்ரோ. திட்டு ஒரு கட்டில் அகலம்கூட இல்லை. முதுகைச் சுவரில் ஒட்டி, காலைத் தொங்கப் போட்டு, நால்வரும் வரிசையாக உட்கார்ந்தோம். கீழே நாங்கள் நின்ற இடத்தில் அலை வெடித்தது.

மூச்சு திரும்பியதும் ஒத்திலியாதான் பேசினார். அதே அலுவலகக் குரல்.

“தட்டிட்டுத்தான் கை விடணும்னு எப்படி உங்களுக்குத் தெரியும், எவாரிஸ்தோ?”

அவன் வலக்கையை மடியில் மறைத்துக்கொண்டான்.

“முள் ஏறினா ஒரு ஓட்டை இருக்கும். கத்தி வெட்டினா ஒரு கோடு. உங்க கையில ரெண்டு கோடு, ஒண்ணைப் பாத்து ஒண்ணு வளைஞ்சிருக்கு. அது அலகு. நெருப்புப் பக்கத்துல தூங்கற மனுஷனைக் கிளி கடிக்காது. அதோட வீட்டுக்குள்ள கை விட்டவனைத்தான் கடிக்கும். ஆடு பச்சையா இருந்ததும் அதனாலதான். நெருப்பை நீங்க ஏழு மணிக்கு மேலதான் மூட்டினீங்க.”

லிசாந்த்ரோ மெதுவாகத் தலையைத் திருப்பினான். நான் நடுவில் இருந்தேன். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றிக்கொள்ளவும் இடமில்லை.

எவாரிஸ்தோ கடலைப் பார்த்தான். பிறகு சொன்னான். போன வருடம் அவன் மேலே போகவேயில்லை. லிசாந்த்ரோ கோபித்துக்கொண்டு போனதும், நசாரேனோ மனசு சரியில்லாமல் இருந்தான். கூட இருடா என்றான், எவாரிஸ்தோவும் இருந்தான். இருவரும் வைன் குடித்தார்கள். நேரம் போனது தெரியவில்லை. மூக்குப் பாறை வழி மூடிக்கொண்டது. தேடித் தேடி இந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து, எவாரிஸ்தோ முதலில் ஏறினான். பாதி உயரத்தில் ஒரு கையால் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழேயிருந்த நசாரேனோவைப் பிடித்து இழுத்தான்.

“அப்பதான் கடிச்சுது. எலும்பு வரைக்கும். அந்தக் கையை உதறிட்டேன். விழாம இருக்க சுவரைப் பிடிக்கணும். இன்னொரு கையாலதான் பிடிக்க முடியும். அந்தக் கையில அவன் இருந்தான்.”

“விட்டுட்டே” என்றான் லிசாந்த்ரோ.

“விட்டுட்டேன்.”

அதோடு முடிந்திருந்தால் அது விபத்து. முடியவில்லை. கீழே விழுந்த நசாரேனோ சாகவில்லை. பாறை ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எவாரிஸ்தோவின் முதுகில் கோல் இருந்தது. ரீல் நிறைய நரம்பு இருந்தது. இரண்டு ஆள் நீளத்துக்குக் கயிறும் இருந்தது. இறங்கி எட்டிப் போட்டிருக்கலாம். இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று பயம். கண்ணை மூடிக்கொண்டான். காதையும் பொத்திக்கொண்டானாம். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் மேலே ஓடி நெருப்பை மூட்டியிருக்கிறான். லிசாந்த்ரோ வருகிற காலடி கேட்டதும் தூங்குகிறவன் மாதிரிப் படுத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லத்தான் நினைத்தானாம், காலையில். காலையில் முடியவில்லை. அதற்குள் ஊர் லிசாந்த்ரோவின் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தது.

“அது உனக்கு வசதியாப் போச்சு” என்றான் லிசாந்த்ரோ. “ஒரு வருஷம், குண்டா. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல தனியா உக்காந்து சாப்பிட்டா. நீ என் கடைக்கு வந்து, மனசு விட்டுராதேடான்னு சொல்லிட்டு ரொட்டி வாங்கிட்டுப் போனே.”

எவாரிஸ்தோ தலையை ஆட்டினான். மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து நின்றான். கால் மரத்துப் போய் நிமிர்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் ஒரு அடி முன்னால் வைத்தபோது அங்கே திட்டு இல்லை.

லிசாந்த்ரோ என் மேல் விழுந்து பாய்ந்து அவன் பெல்ட்டைப் பிடித்தான். குண்டனின் கனம் இருவரையும் இழுத்தது. நான் லிசாந்த்ரோவின் கால்களைக் கட்டிக்கொண்டேன். ஒத்திலியா என் இடுப்பைப் பிடித்தார். மண் உதிர்ந்து கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. லிசாந்த்ரோ பல்லைக் கடித்துக்கொண்டு அவனை அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்துப் போட்டான்.

“விடுடா” என்றான் எவாரிஸ்தோ.

“விட மாட்டேன். நீ அவ வாசல்ல நின்னு உன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் உனக்குச் சாவு கிடையாது.”

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் அந்தத் திட்டில் இருந்தோம். லிசாந்த்ரோ அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. அலை தெறித்துத் தெறித்து உடம்பெல்லாம் உப்பு. ஐந்தரைக்குத் தண்ணீர் எங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் ஒத்திலியாவின் காதில் மட்டும் கேட்டேன்: இந்த இடம் உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?

“அவருக்கு ஒரு இடம் தெரியும்னு தெரியும். எங்கேன்னு தெரியாது” என்றார்.

“அவர் சொல்லாமலே இருந்திருந்தா?”

ஒத்திலியா பாவாடையைப் பிழிந்தார். “மனுஷன் அவ்வளவு கெட்டவன் இல்லன்னு நினைச்சேன்.”

ஏழரைக்கு மூக்கின் அடியில் மணல் தெரிந்தது. வெயில் இன்னும் இருந்தது. எவாரிஸ்தோ முதலில் இறங்கினான். லிசாந்த்ரோ ஒட்டியே இறங்கினான். பள்ளத்தில் ஏறும்போதும், வண்டியில் பின்சீட்டில் உட்காரும்போதும் அந்தப் பிடி அப்படியே இருந்தது. நான் வண்டியை வேகமாக ஓட்டவில்லை. வழியில் எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

எல்விராவின் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தவள் முதலில் லிசாந்த்ரோவைப் பார்த்தாள், முகம் இறுகியது. ஒத்திலியாவைப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஒத்திலியா ஒதுங்கி நின்று எவாரிஸ்தோவுக்கு வழி விட்டார். லிசாந்த்ரோ கையை விட்டான். மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

எவாரிஸ்தோ படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். வைன், ஏறியது, கிளி, விட்ட கை, அரை மணி நேரம், பொத்திய காது. எதையும் குறைக்கவில்லை. போலீசிடமும் இப்படியே சொல்லப் போகிறேன் என்றான்.

எல்விரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

“அரை மணி நேரம் கூப்பிட்டார்னு சொன்னியே” என்றாள். “காதைப் பொத்தறதுக்கு முன்னாடி கேட்டிருப்பே. என்னன்னு கூப்பிட்டார்?”

எவாரிஸ்தோ படியைப் பார்த்தபடி சொன்னான்.

“உதவின்னு கூப்பிடல. ஏறிட்டியா குண்டா, ஏறிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.”

எல்விரா எவாரிஸ்தோவைத் தாண்டி ஒரு படி இறங்கி, லிசாந்த்ரோவின் ஈரச் சட்டையைத் தொட்டாள்.

“உள்ள வா, லிசாந்த்ரோ. குளிர்ல நிக்கறே.”

அவன் தலை குனிந்து உள்ளே போனான். அவள் கதவைச் சாத்தினாள்.

எவாரிஸ்தோ சாத்திய கதவுக்கு முன்னால் அப்படியே நின்றான். ஒத்திலியா அவசரப்படுத்தவில்லை. நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே வந்து, பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, காவல் நிலையம் எந்தப் பக்கம் என்று தெரியாதவன் மாதிரி என்னிடம் கேட்டான்.